கண்ணை மூடினால் யோகமா?

மார்ச் 3, செவ்வாய்

இவர் யோகா வகுப்பில் சேர்ந்தபோது தொப்பையாவது குறையும் என்று நினைத்தேன். அதற்கும் வழியில்லை. கையைக் காலைத் தூக்குவதே கிடையாதாம். "உடம்ப வளைக்கிறது இல்ல இது, மனச நிறுத்துறது" என்கிறார். நாளெல்லாம் லிப்ட் ரிப்பேர் பார்த்துவிட்டு வந்து ஹாலில் பாயை விரித்துச் சிலை மாதிரி உட்கார்ந்துவிடுகிறார். நான் அவரைத் தாண்டித் தாண்டித் துணி காயப்போட வேண்டும்.

மார்ச் 5, வியாழன்

காலையிலிருந்து மாமா, "வண்டிச் சாவி எங்கம்மா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற மனிதர். இப்போது நினைவு தப்பிக்கொண்டிருக்கிறது. "வண்டி சர்வீசுக்குப் போயிருக்கு மாமா" என்றால் தலையாட்டுவார். நான் திரும்புவதற்குள் மறுபடியும் சாவி. பெற்ற பிள்ளை பக்கத்திலேயே கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறார்! எழுந்ததும் சொல்கிறார்: "இன்னிக்கு மனசு அப்படியே அடங்கிருச்சு."

அடங்காமல் என்ன செய்யும்? பதில் சொல்லத்தான் நான் ஒருத்தி இருக்கிறேனே.

மார்ச் 8, ஞாயிறு

எரிச்சலாக வருகிறது. வேறு எதுவும் எழுதத் தோன்றவில்லை.

மார்ச் 11, புதன்

நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் இன்று ஒரு லென்ஸை உடைத்துவிட்டேன். ஃப்ரேமுக்கு ஏற்றபடி விளிம்பைத் தேய்க்கும்போது நினைப்பு வீட்டில் இருந்தது. முதலாளியம்மா திட்டவில்லை, பார்த்தார், அது போதாதா? வந்து இவரிடம் சொன்னால், "கோபம் வர்றப்ப மூச்சக் கவனி" என்கிறார்.

"மூச்ச நான் கவனிச்சா உங்க அப்பாவ யாரு கவனிக்கிறது?"

சிரித்தார். அந்தச் சிரிப்பு இருக்கிறதே! முன்பெல்லாம் பதிலுக்குக் கத்துவார். அதுவே தேவலை.

மார்ச் 14, சனி

வாசல் கதவை மறுபடியும் ஒரு தடவை பூட்டிப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

பகலில் மாமாவைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்கு இன்று லீவு. இவர் வீட்டில் இருக்கிறார் என்ற தைரியத்தில் கடைக்குப் போனேன். மதியம் வந்தால் வாசல் கதவு ஆவென்று திறந்து கிடக்கிறது. இவர் பாயில். முகத்தில் அப்படியொரு சாந்தம். மாமாவின் அறையில் மாமா இல்லை.

தெருவெல்லாம் ஓடினோம். பஸ் டிப்போ பக்கத்தில் டயர் கடைக்காரர் அவரை ஸ்டூலில் உட்காரவைத்திருந்தார். காலில் செருப்பில்லை; பாதத்தில் ரத்தம். "நடு ரோட்டுல நின்னு பஸ்ஸ மறிச்சாரும்மா. டிரைவர் சட்டுனு பிரேக் போட்டதால தப்பிச்சாரு."

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்: "கதவு தெறந்த சத்தம் கேக்கல?"

"கேட்டுச்சு." தலையைக் குனிந்துகொண்டார். "சத்தம் வரும், போகும், விட்டுடணும்னுதானே பழகுறேன். விட்டுட்டேன்."

விட்டுட்டாராம்! எந்தச் சுவத்துல போய் முட்டிக்கிறது?

"ஊர்ல எவன் வீட்டு லிப்ட் நின்னாலும் பாதிச் சாப்பாட்டுல எழுந்து ஓடுறீங்க. இங்க நடு ரோட்டுல நின்னது உங்க அப்பா! மனசு அடங்கிருச்சா உங்களுக்கு? அடங்கல, மரத்துப்போச்சு!"

கத்திவிட்டேன். கத்தினதுக்கு வருத்தமும் இல்லை.

மார்ச் 15, ஞாயிறு

தட்டில் சாப்பாட்டைப் போட்டு வைத்துவிட்டு மாமா அறைக்குப் போய்விட்டேன். அவரே எடுத்துச் சாப்பிட்டார்.

மார்ச் 17, செவ்வாய்

இவரே வந்து உட்கார்ந்தார். வகுப்பு நடத்தும் டீச்சரிடம் நடந்ததைச் சொன்னாராம். அந்தம்மா வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டாராம். "'காதுல விழுந்தும் அசையாம இருந்தீங்களே, அதுக்குப் பேரு யோகம் இல்ல, தப்பிச்சு ஓடுறது'ன்னுட்டாங்க."

"நான் சொன்னா உறைக்காது. வெளியாள் சொல்லணும்."

"நீ சொன்னப்பவே உறைச்சிருச்சு. அதான் அவங்ககிட்ட போனேன்."

அதற்குப் பிறகு அவரைத் திட்டவும் முடியவில்லை. அதுவும் எரிச்சல்.

மார்ச் 20, வெள்ளி

பாய் மாமாவின் அறைக்குப் போய்விட்டது. அப்பாவுக்கு எதிரே கண்ணைத் திறந்துகொண்டு உட்கார்கிறார். அவர் சாவி கேட்கும்போதெல்லாம், முதல் தடவை கேட்பதுபோல் பதில் சொல்கிறார். இது எத்தனை நாளைக்கோ, பார்க்கிறேன்.

மார்ச் 22, ஞாயிறு

இரண்டு நாளைக்குத்தான்.

"எத்தன தடவப்பா சொல்றது!" — வீடே அதிர்ந்தது. மாமா மிரண்டுபோய்ப் போர்வையை இழுத்துக்கொண்டார். இவர் சமையலறைக்கு வந்து குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினார்.

"முடியலடி. நீ எப்படி இத்தன நாளா..."

துண்டை எடுத்து நீட்டினேன். சொல்ல நிறையவே இருந்தது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பவும் அந்த அறைக்கே போனார்.

மார்ச் 29, ஞாயிறு

விழித்தபோது வெயில் கட்டில்வரை வந்திருந்தது. பதறி எழுந்து ஓடினேன். இவர் மாமாவுக்குச் சவரம் செய்துகொண்டிருந்தார்; மாமா கன்னத்தை உப்பிக் காட்டிக்கொண்டிருந்தார்.

"அதுக்குள்ள ஏன் எழுந்துட்ட?" என்றார் இவர்.

திரும்பப் போய்ப் படுத்தேன். தூக்கம் வரவில்லை. ஆனாலும் வெகுநேரம் படுத்தே கிடந்தேன்.