அஞ்சலி போஸ்டர்ல உங்க மொகம்

ஏங்க, நீங்க வெளிய போயிருக்கீக, உங்க செல்லு வீட்டுலயே சார்ஜ்ல கிடக்கு. அதான் எழுதி வைக்கிறேன்.

எல்லாப் படத்துக்கும் ஒரே பேரு வைக்காதன்னு நேத்து சொன்னீக. நான் சண்டைக்கு வந்தேன். ரேஷன் கார்டுக்கு உங்க போட்டோவை ஸ்கேன் பண்ணி, வழக்கம்போல ‘போட்டோ1’னு சேவ் பண்ணிருந்தேன். நம்ம கடையில அடிக்கக் குடுத்த ஆண்டிபட்டி ராக்கையாவோட கண்ணீர் அஞ்சலி போஸ்டர்ல இருந்த படமும் அதே பேருதான். போஸ்டரைத் தொறந்தப்ப, படம் மாறியிருக்கு, புதுசையே வச்சுக்கவான்னு கம்ப்யூட்டர்ல பேஜ்மேக்கர் கேட்டுச்சு. உங்க மேல இருந்த கோவத்துல பாக்காம ஓகே குடுத்துட்டேன்.

விடியக்காலையில ஊரு பூராவும் ஒட்டிட்டாக. ராக்கையா பேரு, உங்க மொகம். அவரு மகன் போன்ல கத்துறாரு.

நான் கிழிக்கப் போறேன். இன்னைக்குச் சந்தை, அத்தை அங்கன வருவாக. அவுகளுக்கு எழுத்து தெரியாது, படந்தான் தெரியும்.

குழம்பு அடுப்புல இருக்கு. ராக்கையா வீட்டாளுக வந்தா எதுத்துப் பேசாதீக. சரியான படத்தை வச்சிட்டேன், வேற அடிச்சுத் தாரோம்னு சொல்லுங்க.

- ஜோதி

ஒருவேளை எனக்கு முன்னாடியே பாத்துட்டு அத்தை இங்கன ஓடி வந்தாகன்னா, சட்டுனு போயி முன்னால நிக்காதீக. நெஞ்சுவலிக்காரவுக. உள்ளருந்து ‘ஆத்தா’ன்னு கூப்பிட்டுட்டு அப்புறமா கதவத் தொறங்க.