ஒரு முறைதான் பார்ப்பேன்

அன்புச் சிட்டு,

நானும் அப்பாவும் நலமாக இருக்கிறோம், நீயும் உடம்பாலும் மனசாலும் நன்றாக இருக்க வேண்டும். இருமல் விட்டதா? போன வாரம் போனில் "போதும்மா, வேலையை விட்டுட்டு இங்க வந்துடு, அவங்க பேச்செல்லாம் ஏன் கேட்டுக்கிட்டு இருக்கே" என்று நீ சொன்னபோது, பிறகு பேசுகிறேன் என்று போனை வைத்துவிட்டேன். எனக்கு யோசிக்க நாள் வேண்டும் என்பது உனக்குத் தெரியும். யோசித்துவிட்டேன், வரமாட்டேன்.

எங்கள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் மற்றவர்கள் மணிக்கு நாற்பது குழாய்க்குப் பெயர்ச்சீட்டு ஒட்டுகிறார்கள், நான் இருபத்திரண்டு. சீட்டை ஆறு முறை பார்ப்பேன், ஏழாவது முறை பார்க்கும்போதுதான் முதல் முறை ஒழுங்காகப் பார்த்தேனா என்று சந்தேகம் வரும். அன்றைக்கு மேற்பார்வையாளர் எல்லார் முன்னாலும் "அக்கா, நீங்க யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள ரத்தமே உறைஞ்சிடும்" என்றார், எல்லாரும் சிரித்தார்கள். பதினோரு வருஷமாகத் தலைநிமிராதவள், எனக்கு எங்கிருந்து வாய் வந்ததோ, "ஊதா மூடிக் குழாய்ல உறையாம இருக்க மருந்து இருக்கே சார், தெரியாதா" என்று கேட்டுவிட்டேன். சிரிப்பு அவர் பக்கம் திரும்பியது. சாயங்காலமே என்னைக் கிடங்குக்கு மாற்றும் தாளை நீட்டி உடனே கையெழுத்துப் போடச் சொன்னார். யோசித்துத் தருகிறேன் என்றேன். "இதுக்குமா யோசிக்கணும்" என்றார். இதற்குத்தான் சார் யோசிக்க வேண்டும் என்று சொல்லி, தாளைக் கைப்பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மூன்று நாள் அது சமையலறை அலமாரியில் கிடந்தது, நான்காம் நாள் சம்மதமில்லை என்று எழுதி, நான் பார்க்கும் மனநல டாக்டரின் கடிதத்தோடு கொடுத்தேன். டாக்டர் என்னிடம் "இது மந்தம் இல்லம்மா, ஓசிடி. உங்க மூளை ஒரே கேள்வியை விடாம கேக்குது, அதுக்குப் பதில் சொல்லியே நேரம் போயிடுது" என்றார். கவனமானவள் என்று யாரும் என்னைப் புகழவும் வேண்டாம், கவனம் வேறு, இந்த வதை வேறு. இப்போது அவர் சொன்னபடி குழாய்க்கு ஒரு பார்வை, பட்டியலில் பென்சிலால் ஒரு கோடு, கோடு போட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை. முதல் நாள் பத்தொன்பதுதான் முடிந்தது, நேற்று இருபத்தேழு. ஒரு மாசம் பார்க்கலாம் என்கிறார் மேற்பார்வையாளர், பார்க்கட்டும். உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு நம் வீட்டின் முதல் பட்டத்தை வாங்கியவள் நான். ஒவ்வொரு பரீட்சையிலும் விடைத்தாளை என் கையிலிருந்து பிடுங்கத்தான் வேண்டியிருந்தது, ஆனாலும் வாங்கினேன்.

அப்பா பாடுதான் திண்டாட்டம். கேஸை மூடினேனா என்று நான் கேட்டால் பதில் சொல்லக்கூடாது என்பது டாக்டர் உத்தரவு, மனுஷன் கூரையைப் பார்த்து விசிலடிக்கிறார், என்ன பாட்டு என்று அவருக்கே தெரியாது.

வேளைக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு வெளியே போகாதே. லீவு போட்டுக்கொண்டு உன்னைப் பார்க்க வருவேன், துரத்தப்பட்டவளாக வரமாட்டேன். நினைத்ததெல்லாம் உனக்குக் கைகூடட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே, கடிதத்தில் ஏதாவது தப்பாக எழுதிவிட்டேனா என்று போனில் கேட்பேன், எத்தனை தரம் கேட்டாலும் பதில் சொல்லாதே, நீயும் விசிலடி. முன்பெல்லாம் நாலு தாளைக் கிழித்த பிறகுதான் உனக்கு ஒரு கடிதம் வரும். இதைத் திரும்பப் படிக்காமல் ஒட்டுகிறேன், தப்பு இருந்தால் இருக்கட்டும்.

ஆசிகளுடன்,
உன் அம்மா