வண்டி ஏறாத அம்மா

பிளாட் ஆற்றங்கரை, நெப்ராஸ்கா
செப்டம்பர், 1891

அன்புள்ள தம்பி ஓரினுக்கு, அக்கா தெர்சா எழுதுவது.

வந்த இடத்தில் எனக்குக் காய்ச்சல். ரயில் ஏற இன்னும் ஒரு வாரமாவது ஆகும். அதனால் கடிதம் எனக்கு முன்னால் வருகிறது. அம்மாவுக்கு மூச்சு வாங்குவது குறைந்திருக்கிறதா? சூப் வேண்டாம் என்றால் கெஞ்சாதே. கிண்ணத்தைப் பக்கத்தில் வைத்துவிட்டு வெளியே போய்விடு. யாரும் பார்க்காதபோதுதான் அவள் தனக்காக எதையும் செய்துகொள்வாள்.

இதை முதலில் நீ மட்டும் படி. அம்மாவுக்குப் படித்துக் காட்ட வேண்டியதைக் கடைசியில் தனியாக எழுதியிருக்கிறேன்.

கிளம்பும்போது சலித்துக்கொண்டாயே, "செத்து நாப்பது வருசமான குழந்தையை இப்பப் போய் எங்கக்கா தேடுவ? அம்மா கேட்டா நீயும் கிளம்பிருவியா?" என்று. ஓரிகானில் வீடு கட்டிக் குடியேறிய பிறகு பிறந்தவன் நீ. மாட்டு வண்டி வரிசையில் நாங்கள் அங்கே வந்த பயணம் உனக்கு அப்பா சொன்ன கதை. ஆற்றைக் கடந்ததைச் சொல்வார், காட்டெருமைக் கூட்டத்தைச் சொல்வார். உன் அண்ணன் லேவியைப் பற்றிச் சொன்னதே இல்லை. இப்போது கேட்கலாம் என்றால் அவரும் இல்லை.

லேவி இந்த ஆற்றங்கரையில்தான் காலராவில் போனான். அப்போதுதான் நடை பழகியிருந்தான். எனக்கு ஏழு வயது. அப்பாவும் அதே நோயில் வண்டிக்குள் நினைவில்லாமல் கிடந்தார். கூட வந்தவர்கள் குழியை ஓரமாகத் தோண்டவில்லை, வண்டித் தடத்தின் நடுவிலேயே தோண்டினார்கள். "ஓரமாப் புதைச்சா ஓநாய் தோண்டிரும்மா. எல்லா வண்டியும் மேல ஏறிப் போனாத்தான் மண்ணு இறுகும். புள்ள பத்திரமா இருப்பான்" என்றார்கள். அந்த வழியில் வந்த எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். சிலுவை கிடையாது, கல் கிடையாது.

வரிசையில் நம் வண்டிதான் முதல். மாட்டை ஓட்ட அம்மாவை விட்டால் ஆள் இல்லை. குழிக்கு முன்னால் மாடுகளை நிறுத்திவிட்டு நின்றாள். "ஓட்டும்மா, பொழுது போகுது" என்று பின்னாலிருந்து கத்தினார்கள். நான் அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன். அம்மா மாட்டைத் தட்டினாள். வண்டி லேசாக ஏறி இறங்கியது. அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு அவள் வண்டியில் ஏறி நான் பார்த்ததில்லை. "மாட்டுக்குப் பாரம், நான் நடந்தே வர்றேன்" என்பாள். உன்னை வயிற்றில் சுமந்தபோதும் நடைதான். உன் கல்யாணத்தன்று பெண் வீட்டார் அனுப்பிய குதிரை வண்டிக்குப் பின்னால் சேற்றில் நடந்து வந்தாள். "ஊர் முன்னாடி என் மானத்தை வாங்கிட்டா" என்று நீ குதித்தாய். அப்பா மட்டும் இறங்கி அவளோடு நடந்தார். அது ஞாபகம் இருக்கிறதா உனக்கு?

இங்கே தடமே இல்லை. ரயில் வந்ததும் அந்த வழி செத்துவிட்டது. ஆற்று வளைவு மட்டும் அம்மா சொன்னபடியே இருக்கிறது. அதை ஒட்டிக் கண்ணுக்கு எட்டிய வரை மக்காச்சோளம். நிலத்துக்காரி ஹுல்டா ஜெர்மனியிலிருந்து வந்து குடியேறியவள். அவள் வீட்டில்தான் படுத்திருக்கிறேன். விஷயத்தைச் சொன்னதும், "வந்த வருசமே மொத்தத்தையும் உழுதுட்டோமே. தெரியாமப் போச்சே தாயி" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவள் வீட்டுக்குப் பின்னாலும் இரண்டு சின்ன மேடுகள் இருக்கின்றன. எனக்கு அழக்கூட ஓர் இடம் கிடைக்கவில்லை. சோளத்துக்குள் சும்மா நின்றுவிட்டு வந்தேன்.

உழுததைப் பற்றி அம்மாவிடம் மூச்சு விடாதே. நான் கிளம்பியபோது அவள் என் காதோடு சொன்னது வேறு. "எடம் தெரியாட்டிப் போகுது. இன்னும் அவன் மேல வண்டி போகுதான்னு மட்டும் பாத்துட்டு வா" என்றாள்.

அவளுக்குப் படிக்க வேண்டியது இது:

அம்மா, நீ சொன்ன வளைவைப் பார்த்தேன். வண்டிப் பாதை அழிந்துவிட்டது. லேவி மேல் இப்போது எந்த வண்டியும் போவதில்லை. சோளம் ஆளுயரத்துக்கு நிற்கிறது. ஓநாய்களும் இல்லை.

ஓரின், நான் வருவதற்குள் அம்மா போய்விட்டால், கல்லறைக்குக் கொண்டுபோக யார் வண்டி கொடுத்தாலும் வாங்காதே. தூரம் என்று எனக்கும் தெரியும். தோளில் தூக்கிக்கொண்டு போ.

கடவுள் உன் தோளுக்குப் பலம் தரட்டும்.

உன் அக்கா,
தெர்சா