புடவைக்கடைப் பாயில் ஜெர்மன்

21 ஜூலை, திங்கள்

ஆடி பிறந்தும் காற்று இல்லை. கீழே பட்டுக்கடையில் தள்ளுபடிக் கூட்டம், மாடிப்படி முழுக்கச் செருப்பு. யார் செருப்பையாவது மிதிக்காமல் என் ஜெர்மன் வகுப்புக்கு ஏற முடியாது. இரண்டு மின்விசிறியில் ஒன்று ஓடவில்லை. பலகை துடைக்கத் துணி கேட்டு மூன்றாம் வாரம்.

பயிற்சி மைய முதலாளி குமரவேல் ஒரு பெட்டியோடு வந்தார். முன்பு மனை விற்றவர், இப்போது மொழி விற்கிறார். பெட்டியில் படக்கார்டு, பகடை, ஒட்டும் தாள். "சார், இனிமே எல்லா பேட்ச்சுக்கும் இதான். பாஸ்கரன் சார் கிட். மெட்ராஸ்ல எல்லா சென்டர்லயும் இதான் ஓடுது."

பாஸ்கரன். இதே அறையில் எனக்கு உதவியாசிரியராக இருந்தவன். என் படக்கார்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு என் பின்னால் நடந்தவன். இனி இங்கே பா. முழுப் பெயருக்கு மை வீண்.

பிரிக்கவில்லை. மேசைக்கு அடியில் தள்ளினேன். முழங்கால் வலி.

22 ஜூலை, செவ்வாய்

பிரித்தேன்.

மேலே 'நோயாளி எங்கே வலிக்கிறது என்கிறார்' என்ற படக்கார்டு வரிசை. என்னுடையது. காலண்டர் அட்டையின் பின்பக்கத்தில் நான் வரைந்தது. இப்போது வழவழவென்று, வண்ணத்தில், அவன் பெயரோடு. நோயாளிக்குப் பொன்னிற முடி. சன்னலுக்கு வெளியே பனி. கட்டிலுக்கு அடியில் நாலடுக்கு டிபன் கேரியர்.

நம் அரசு ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து வரைந்ததால் நான் கேரியரும் போட்டிருந்தேன். பா. படம் வரைபவனிடம் கொடுத்திருப்பான், அவன் முடியையும் சன்னலையும் மட்டும் மாற்றியிருப்பான். ஜெர்மனியில் எந்த ஆஸ்பத்திரியில் கட்டிலுக்கு அடியில் கேரியர்? திருடியதைத் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை.

சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை.

வசந்தாவிடம் சொன்னேன். "உங்க பொட்டிய அவன் எடுத்துக்கினு போனப்பவே கேட்டிருக்கணும். இப்ப என்கிட்ட சொல்லி என்ன ஆவப்போவுது? மாவு தீந்துடுச்சி, வாங்கியாங்க" என்றாள். மனைவியாக இருப்பவர்கள் எப்போதும் சரியாகச் சொல்வார்கள் என்பது ஒரு தண்டனை.

24 ஜூலை, வியாழன்

புழுக்கம். பேச்சுப் பயிற்சி. நர்சுகள் எட்டுப் பேர், எல்லாரும் ஜெர்மனிக்குப் போகத் துடிப்பவர்கள். இதில் ரோஸிதான் என் கவலை. ஐயம்பேட்டையிலிருந்து ஷேர் ஆட்டோவில் வருபவள். வயது முப்பத்தாறு, இரண்டு பிள்ளைகள். படிப்பது, எழுதுவது, கேட்பது எல்லாம் தேறிவிட்டாள். பேச்சில் மட்டும் இரண்டு முறை தோல்வி. அங்கே வேலை தருவதாகச் சொன்ன ஆஸ்பத்திரி ஆகஸ்ட் வரைதான் காத்திருக்கும். 2ஆம் தேதி பரீட்சை. அதிலும் போனால் அந்த இடம் வேறொருத்திக்கு.

பரீட்சையில் இரண்டு பேர் சேர்ந்து எதையாவது திட்டமிட வேண்டும். ஒருவர் ஒன்று சொல்ல, மற்றவர் மறுத்து, காரணம் சொல்லி, வேறொன்று சொல்ல வேண்டும். மறுப்பதற்குத்தான் மதிப்பெண். ரோஸி மறுப்பதே இல்லை. எதிரில் இருப்பவர் நடுராத்திரியில் கடலுக்குப் போகலாம் என்றாலும் "யா, யா, நல்லாயிருக்கு" என்பாள். இரண்டு நிமிடத்தில் பேச்சு முடிந்துவிடும்.

இன்று கடிந்துகொண்டேன்.

"முன்ன பின்ன தெரியாதவங்க சார். அவங்க ஆசையா ஒண்ணு சொல்றாங்க. மூஞ்சிக்கு நேரா வேணான்னு எப்டி சார் சொல்றது?"

"வேண்டாம் என்றால்தான் பாஸ்."

"வேலைல டாக்டர் சொன்னா சரின்னுவேன், வீட்ல மாமியார் சொன்னா சரின்னுவேன். இங்க வந்து திடீர்னு வாயாடுன்னா?"

மற்றவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். கண் சிரிக்கவில்லை.

பா.வின் கிட்டில் இதற்கு ஒரு பகடை இருக்கிறது. இரட்டை எண் விழுந்தால் ஒப்புக்கொள், ஒற்றை விழுந்தால் மறு. போட்டுப் பார்த்தோம். ரோஸிக்கு ஒற்றை விழுந்தது. "மன்னிச்சுக்கோங்க" என்று தமிழில் சொல்லிவிட்டு ஒப்புக்கொண்டாள்.

26 ஜூலை, சனி

வகுப்பு முடிந்து இறங்கும்போது படியில் நிற்க வேண்டியதாயிற்று. கீழே அவ்வளவு கூட்டம். கடைக்குள் பாயில் ரோஸி. பக்கத்தில் அவள் நாத்தனார். ஆவணியில் அவர்கள் வீட்டில் ஏதோ கல்யாணம் போல.

கடைக்காரர் ஒவ்வொன்றாக ரோஸி முன் விரிக்கிறார்.

"இது வேணா. இந்த அரக்கு ஊருக்கே இருக்குது."

"இது பாருமா, மயில் கழுத்து, ஜரிகை பாரு."

"பார்டர் பெருசு. பொண்ணு குள்ளம்பா, புடவைதான் நடந்து போவும். வேற காட்டு."

"இது?"

"இதக் கட்டுனா மாப்ள வீட்டுக்காரங்க முன்னாடி நான்தான் ஆயா மாதிரி இருப்பேன். எடு எடு. மேல அந்த மூணாவது கட்டு, அத இறக்கு."

கடைக்காரர் சலிக்காமல் இறக்கினார். அவள் சலிக்காமல் தள்ளினாள். முன்பின் தெரியாத மனிதர், மூஞ்சிக்கு நேராக, ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணத்தோடு. மன்னிப்பு ஒன்றுகூட இல்லை.

சிரிக்காமல் படியிலேயே நின்றேன். யாரோ என் செருப்பை மிதித்தார்கள்.

28 ஜூலை, திங்கள்

மாலை லேசான தூறல், நின்றுவிட்டது. பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளி, வீட்டிலிருந்து கொண்டுபோன பாயை விரித்தேன். கீழிருந்து காலிப் புடவைப் பெட்டிகள். ஒவ்வொன்றிலும் ஒரு யோசனை எழுதிய சீட்டு: ஆற்றங்கரை, உணவகம், சினிமா, ஒருவர் வீட்டில் விருந்து. கூட வேலை செய்பவருக்கு வழியனுப்பு விழா என்பது தலைப்பு. ஒருத்தி கடைக்காரி, ஒருத்தி பாயில் உட்காருபவள். முதல் மூன்று பெட்டியைக் காரணம் சொல்லித் தள்ள வேண்டும். நாலாவதை எடுக்கலாம், அதிலும் ஒரு குறை சொல்லிவிட்டு.

தொடங்க ஒரே ஒரு வாக்கியம் கொடுத்தேன். 'நைன், தாஸ் கெஃபெல்ட் மியர் நிஷ்ட். ட்ஸைகன் ஸீ மியர் எட்வாஸ் அண்டரெஸ்.' இல்லை, எனக்குப் பிடிக்கவில்லை, வேறு காட்டுங்கள்.

ரோஸி பாயில் உட்கார்ந்தாள். காலை மடக்கி, புடவைத் தலைப்பைச் செருகி, கையை நீட்டி. உணவகம்: சத்தம். ஆறு: மழை வரும். சினிமா: அங்கே எப்படிப் பேசுவது? வேற்றுமை உருபு இரண்டு இடத்தில் தப்பு. திருத்தவில்லை. நாலாவது பெட்டியையும் தள்ளினாள். கடைக்காரியாக இருந்த பெண் பாவம், ஐந்தாவதற்குப் பெட்டி இல்லாமல் திணறினாள்.

குமரவேல் வாசலில் நின்று போனில் எடுத்துக்கொண்டிருந்தார். "சும்மா ஒரு ரீலுக்கு சார்."

இரவு நன்றாகத் தூங்கினேன். எழுதவே கூச்சமாக இருக்கிறது.

31 ஜூலை, வியாழன்

பா.வுக்கு அந்த ரீல் போயிருக்கிறது. குமரவேலே சொன்னார், பெருமையாக. "பாஸ்கரன் சார் போன் பண்ணாரு சார். சூப்பர் ஐடியான்னாரு. அடுத்த கிட்ல 'சாரி ஷாப் மெத்தட்'னு சேக்குறாராம். மெட்ராஸ்ல டீச்சருங்களுக்கு ஒர்க்‌ஷாப் வேற எடுக்குறாராம் அதுல."

"என் பெயர்?"

"அது... நம்ம சென்டர் பேர் போடுவாங்க சார். கண்டிப்பா."

ஒன்றும் சொல்லவில்லை. சொல்லிப் பழக்கம் இல்லை. கல்லூரி வேலையை என் ஆய்வு வழிகாட்டியின் மருமகனுக்குக் கொடுத்தபோதும் சொல்லவில்லை. ஜெர்மனியில் ஆசிரியர் பயிற்சிக்கு என் இடத்தில் வேறொருவனை அனுப்பியபோதும் சொல்லவில்லை. நான் அனுப்பிய நர்சுகள் பனியில் நின்று படம் அனுப்புகிறார்கள். நான் பக்கத்திலிருக்கும் திருப்புட்குழியைத் தாண்டி எங்கே போயிருக்கிறேன்? மறுப்பதற்கு ஊருக்கே பாடம் நடத்துகிறேன்.

பாய் எங்கே என்று வசந்தா கேட்டாள்.

2 ஆகஸ்ட், சனி

பரீட்சை. ரோஸி விடியற்காலைப் பேருந்தில் சென்னைக்கு. நான் நாள் முழுக்க ஒன்றும் செய்யவில்லை. பேனா கழுவினேன். தயிர் புளித்துவிட்டது.

மாலை போன். "சார், ஜோடியா வந்தது ஒரு தம்பி, மெட்ராஸ். ஓட்டலுக்குப் போலாம்னாரு. மனசுல பாய் மேல உக்காந்துக்கினேன் சார். சத்தமா இருக்கும், வேறன்னேன். அப்புறம் இன்னொண்ணு சொன்னாரு, அதையும் வேணான்னேன். அந்த தம்பிக்கு வேர்த்துப்போச்சி சார், பாவம்."

"அவனும் பேசினானா?"

"நான் வேணான்னதுக்கு அவரும் பேசித்தானே ஆவணும்."

முடிவு ஒரு வாரம் கழித்து. வைத்ததும் காலண்டரில் அந்த நாளை வட்டமிட்டேன். எனக்கு எதற்கு?

7 ஆகஸ்ட், வியாழன்

முடிவு வரவில்லை. வெயில். வகுப்பில் மூன்று பேர்தான். பா.வின் ஒர்க்‌ஷாப் படம் குமரவேலின் போனில்: மேடையில் பாய், பாயில் பா., சுற்றிலும் ஆசிரியர்கள் கைதட்டுகிறார்கள். கோரைப்பாய் இல்லை, பிளாஸ்டிக்.

11 ஆகஸ்ட், திங்கள்

காலையிலிருந்து வானம் கருத்துக் கிடந்தது.

ரோஸி தேறிவிட்டாள். பேச்சில் நல்ல மதிப்பெண். இனிப்போடு வந்தாள், கூட மூத்த பிள்ளையும். எல்லாரும் கைகொடுத்தார்கள். நான் "இறுதி எழுத்தை இன்னும் விழுங்குகிறாய்" என்றேன். வேறு என்ன சொல்வது என்று தெரியவில்லை.

குமரவேல் போனைத் தூக்கிக்கொண்டு வந்தார். கையில் அந்தக் கிட். "ரோஸிமா, இத நெஞ்சுக்கு நேரா புடி. பாஸ்கரன் சார் கிட்டாலதான் பாஸானேன்னு ஒரே ஒரு வார்த்த. ஜெர்மன்லயே சொல்லு, கெத்தா இருக்கும்."

அவள் பெட்டியை வாங்கினாள். அட்டையைப் பார்த்தாள். கேரியர் நோயாளி படம்தான் மேலே. என்னைப் பார்க்கவில்லை. பெட்டியை மேசையில் வைத்து, புடவையைத் தள்ளுவது போல விரல் நுனியால் ஒரு தள்ளு தள்ளினாள்.

"நைன். தாஸ் கெஃபெல்ட் மியர் நிஷ்ட். ட்ஸைகன் ஸீ மியர் எட்வாஸ் அண்டரெஸ்."

இறுதி எழுத்துகள் எல்லாம் இருந்தன.

குமரவேல் போனை இறக்கவில்லை. "சூப்பர்மா! என்னமா சொன்ன?"

"பிடிக்கல, வேற காட்டுங்கன்னேன் சார்."

மழை பிடித்துவிட்டது. காயப்போட்ட பாய் மொட்டை மாடியில் கிடக்கிறது. எடுக்கப் போக வேண்டும்.