நாள் குறிக்காமல் பிறந்தவள்

மன்சூரா,
வெள்ளிக்கிழமை

அன்புள்ள வஜ்திக்கு,

ராவியா எழுதுவது. நானும் உன் மகளும் நலம், இறைவனுக்கே புகழ். போனில் உன் குரலைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அதற்குள் அத்தை போனைப் பிடுங்கிக்கொண்டார்கள். நடந்ததைச் சொல்லவே முடியவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம்.

உன் விடுப்புக்குத் தோதாகத் தனியார் ஆஸ்பத்திரி டாக்டர் பிரசவ ஆபரேஷனுக்கு நாள் குறித்துக் கொடுத்ததில் உனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று எனக்குத் தெரியும். ஆனால் ராட்டர்டாமில் உன் முதலாளியின் மனைவி வீட்டுக் கட்டிலிலேயே பிள்ளை பெற்றாள், மருத்துவச்சி சைக்கிளில் வந்தாள் என்று நீதானே சொன்னாய். பைத்தியக்கார ஊர் என்று இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்து முடித்த பிறகு எனக்கு யோசனை வந்தது. எனக்கும் ஒரு குறையும் இல்லை என்றுதானே டாக்டர் சொல்கிறார், அப்புறம் எதற்குக் கத்தி?

அத்தையிடம் கேட்டேன். "இப்ப இந்தத் தெருவுல யாருடி தானா பெத்துக்கிறா? கவர்மெண்டு ஆஸ்பத்திரிக்குப் போனா, என் மகன் வெளிநாட்டுல பாத்திரம் கழுவுறான்னு பேசுவாளுங்க" என்றார்கள். நீ சமையல்காரன் என்று திருத்தினேன். அதற்கும் திட்டு விழுந்தது.

அத்தைக்குத் தெரியாமல் அரசு ஆஸ்பத்திரியில் டாக்டர் இஜ்லாலைப் பார்த்துவிட்டு வந்தேன். அந்த அம்மா எதையும் மறைக்கவில்லை. "இங்க கூட்டம், சத்தம். கூட யாரையும் விட மாட்டாங்க. ஆனா தேவையில்லாம வெட்ட மாட்டேன், காத்திருப்பேன்" என்றார்.

குறித்த நாளுக்கு வெகு முன்பே, காலையில் வலி எடுத்துவிட்டது. அத்தை என்னைத் தனியார் ஆஸ்பத்திரிக்குத்தான் கூட்டிப் போனார்கள். டாக்டர் பார்த்துவிட்டு, குழந்தை நன்றாக இருக்கிறது, உடனே ஆபரேஷன் செய்துவிடலாம் என்றார். "நல்லாத்தானே இருக்கு, அப்புறம் என்ன அவசரம், டாக்டரம்மா?" என்று அத்தை கேட்டார்கள். தனக்கு நூறு வேலை இருப்பதாகவும், நாள் முழுக்க ஒருத்திக்காக உட்கார்ந்திருக்க முடியுமா என்றும் சொல்லி டாக்டர் சிரித்தார். அத்தை சிரிக்கவில்லை. குனிந்து என் காலில் செருப்பை மாட்டிவிட்டு, "எந்திரி. உக்கார நேரம் இருக்கிறவங்ககிட்ட போவோம்" என்றார்கள். அப்போதுதான் இஜ்லாலைப் பற்றிச் சொன்னேன். ஏன் மறைத்தாய் என்று கேட்கவே இல்லை.

அங்கே பிரசவ அறை வாசலில் அத்தையைத் தடுத்தார்கள். "நான் இவ மாமியார். இத்தனை நாளா நான் கத்துறத இவ கேட்டா. இன்னிக்கு இவ கத்துறத நான் கேக்க வேணாமா?" என்று அத்தை சொல்ல, நர்சுகள் சிரித்துவிட்டார்கள். சத்தம் போடக்கூடாது என்று சொல்லி இஜ்லால் உள்ளே விட்டார். அத்தை எனக்கு இடுப்பை நீவிவிட்டார்கள். அக்கம்பக்கத்துக் கட்டில்களுக்கும் போய்த் தண்ணீர் கொடுத்தார்கள். அடுத்த கட்டில் பெண்ணின் குழந்தைக்குத் துடிப்பு குறைந்தபோது, இஜ்லால் ஒரு நொடியும் யோசிக்காமல் அவளை ஆபரேஷனுக்குக் கொண்டு போனார். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். கத்தியைக் குறை சொல்லமாட்டேன், வஜ்தி. வேண்டியவளுக்கு அது கிடைத்தது. எனக்கு வேண்டியிருக்கவில்லை. சாயங்காலத் தொழுகை அழைப்பு கேட்டபோது உன் மகள் பிறந்தாள்.

இப்போது அத்தை எனக்கு நெய்யும் பாதாம் பருப்பும் போட்டு, பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் மொகாத் பானம் காய்ச்சித் தருகிறார்கள். பார்க்க வருகிறவர்களுக்கும் ஒரு கோப்பை. மருமகள் தானாகப் பெற்றாள் என்று பெருமை வேறு, தானே பெற்றது மாதிரி. தெருவிலோ ஒருத்தரும் உன்னைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.

நேற்று ஏழாம் நாள். நதா என்று பெயர் வைத்தோம். வழக்கப்படி குழந்தையைச் சல்லடையில் படுக்கவைத்து ஆட்டி, அவள் காதில் சத்தம் விழப் பக்கத்தில் உரலில் இடித்தார்கள். அம்மா பேச்சைக் கேள், அப்பா பேச்சைக் கேட்காதே என்று காதில் சொல்வார்களே, அது வந்தபோது அத்தை சட்டென்று நிறுத்திவிட்டார்கள்.

நீ பார்க்காமல் பிறந்துவிட்டாள் என்று வருத்தப்படாதே. பத்திரமாக வா. கேட்காதே என்று சொல்வதற்காவது, பேசுகிற ஓர் அப்பா பக்கத்தில் இருக்க வேண்டாமா?

உன் கையையும் அடுப்பையும் இறைவன் காக்கட்டும்.

உன் வழி பார்த்திருக்கும்,
ராவியா