மடைகள் திறவாத நாளில் வேண்மாள் உரைத்த உண்மை

நீர் நிறைக, நிலம் தழைக்க. வெண்கோட்டு வேந்தர் நெடுங்கோ திருவுளப்படி, தலைமை அமைச்சன் நல்லாதன், கூடலைக் கணிக்கழகத் தலைவர் பெருஞ்சேந்தனார்க்கு விடுக்கும் ஓலை. உமது கழகமும் மாணாக்கரும் குறைவின்றி வாழ்க.

உம்மிடம் ஆறாண்டு பயின்று முதல்வியாய்த் தேறிய வேண்மாள், பேரணைக் கணிப்பொறி மனையில் பணி வேண்டி, சென்ற திங்கள் எம் அவைமுன் நின்றாள். நீரளவு நோக்கிப் பன்னிரு மடைகளையும் தானே திறக்கும் பொறி அது. அதனை நடத்துவது அதனுள் எழுதிய நிரல். கேட்ட வினாக்களுக்கெல்லாம் தடையின்றி விடை தந்தாள். சிற்றணைப் பொறியொன்றை ஈராண்டு நடத்தியதாகவும் அவளது தகுதியோலை கூறிற்று.

நேர்காணல் முடியுமுன்னே மலைவெள்ளம் அணையை எட்டிற்று. நீர் ஏறியும் ஒரு மடையும் திறக்கவில்லை. பொறித்தலைவரோ காய்ச்சலில் கிடந்தார். ஓலையை நம்பி வேண்மாளைப் பொறிமுன் நிறுத்தினோம். நிரலின் எழுத்து அவளுக்கு விளங்கிற்று. எந்தப் பிடியைத் தொடுவதென்று விளங்கவில்லை. எதையேனும் திருகிப் பொய்யை மறைத்துவிடலாமா என ஒரு கணம் எண்ணியதாகப் பின்னர் அவளே கூறினாள். அதற்குள் கீழூர்களின் அபாய முரசு கேட்டது.

"ஐயா, ஓலையில் எழுதியது பொய். நான் எந்தப் பொறியையும் தொட்டதில்லை. தோழியர் எழுதக் கண்டு நானும் எழுதினேன். மடைகாப்பவரை அழையுங்கள்" என்றாள். 

மடைகாவலன் சாத்தன் ஓடிவந்தான். அண்மையில் எது மாறிற்று என அவள் வினவினாள். நீர் அளவுகோலைப் புதிதாக நட்டதாகவும், பழையதில் கீழிருந்து மேலே பெருகிய எண்கள் புதியதில் மேலிருந்து கீழே பெருகுவதாகவும் அவன் உரைத்தான். நீர் ஏற ஏறக் குறைகிறதென்றே பொறி கொண்டிருந்தது!

நிரலில் ஒரே வரியைத் திருத்தினாள். சாத்தன் பிடிகளைக் காட்டினான். எல்லா மடையையும் உடனே திறக்க யாம் கூவினோம். அவள் இணங்கவில்லை. திருத்தம் தவறாயின் மீள வழியில்லை, சிறுமடையில் முதலில் சோதிக்க வேண்டும் என்றாள். யாம் சினந்தோம். அவள் சோதித்தாள். சிறுமடை திறந்தது; பின் மற்றவையும் திறந்தன. கரைவிளிம்புக்கு ஒரு சாண் கீழே நீர் நின்று இறங்கிற்று. ஊர்கள் பிழைத்தன. எனினும் மடைகள் திறக்கத் தாமதித்த அவ்வேளையில் கீழைக்கரை சரிந்து எள்வயல்கள் அழிந்தன. அவ்வயலார்முன் தானே சென்று நின்று, நடந்ததைக் கூறினாள்.

பொய் எழுதியதற்காகப் பொறிமனைப் பணி அவளுக்கு மறுக்கப்பட்டது. உண்மை உரைத்ததற்காகச் சாத்தனுடன் ஓராண்டு மடைப்பணி தரப்பட்டது. மறுசொல் இன்றி ஏற்றாள்.

ஆகவே ஆணை. உம் மாணாக்கர் இறுதியாண்டில் ஆறு திங்கள் ஓடும் பொறியருகே இருப்பாராக. பிறர் எழுதிய நிரலைப் படித்துத் திருத்தவும், அதனால் பயன்கொள்வோரிடம் கேட்டறியவும் பழகுவாராக. தெரியாது என்பார்க்கு எம் அவையில் இழிவில்லை.

அடுத்த மழைக்கு இருபது நாளே உள்ளது. பொறிமனைக்கு எண்மர் வேண்டும். செய்யாததை எழுதாதவரை மட்டும் அனுப்புக. அத்தகையோர் ஒருவருமில்லையெனில், இல்லையென்றே எழுதுக.

நாரை இலச்சினை இட்டு, வேந்தர் முன்னிலையில் முடிந்தது.