நோட்டில் 'சுகம்' என்று எழுதிய அண்ணனுக்கு

அண்ணே,

நேற்று அக்கா மகளைப் பார்க்க ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். பக்கத்துக் கட்டிலில் இருந்தவருக்கு ஏற்றுவதற்காக ஒரு சின்ன நர்ஸ் பொண்ணு, பொடியில் தண்ணீர் விட்ட பாட்டிலை எடுத்துச் சடசடவென்று குலுக்கினாள். "குலுக்காதடி! நுரைச்சுப் போகும். உள்ளங்கையில வச்சு மெல்ல உருட்டு" என்று கத்திவிட்டேன். வார்டே திரும்பிப் பார்த்தது. நான் ரிட்டயர் ஆகிப் பல வருஷமாகிறது. வாய் மட்டும் இன்னும் டூட்டியில்தான் இருக்கிறது. பாட்டிலுக்குள் பொடி கரைவதையே பார்த்துக்கொண்டு நின்றேன். உங்கள் ஞாபகம் வந்துவிட்டது.

எண்பதுகளின் நடுவில் நீங்கள் எங்கள் வார்டுக்கு வந்தீர்கள். பழங்காநத்தத்தில் மைக் செட் கடை. கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் என்று எதுவானாலும் மரத்தில் ஏறிக் குழாய் கட்டுகிற ஆள். ஆனால் மழைக்கு மழை நிமோனியா, காதில் ஓயாத சீழ். ஊருக்கெல்லாம் பாட்டுப் போட்டவருக்கு இடது காது பாதிதான் கேட்டது. முப்பத்து நாலு வயசில் டிபி மாத்திரையே இரண்டு தடவை தின்று முடித்திருந்தீர்கள், டிபி இல்லாமலேயே. எங்கள் டாக்டரம்மாதான் ரத்தத்தைச் சோதித்து, கிருமியை எதிர்க்கிற புரதம் உங்கள் உடம்பில் சரியாக ஊறுவதில்லை என்று கண்டுபிடித்தார்.

அந்தப் புரதத்தை மற்றவர்கள் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்து நரம்பு வழியாக ஏற்றுகிற மருந்து அப்போதுதான் வந்திருந்தது. டாக்டரம்மா வெளிநாட்டுக்கு எழுதி எழுதி, சோதனைக்கென்று கொஞ்சம் பொடி மருந்துப் பாட்டில்கள் வரவழைத்தார். உங்களைப்போலப் பெரியவர்கள் சிலருக்கு மாதம் ஒரு தடவை ஏற்றிப் பார்ப்பது என்று ஏற்பாடு. காய்ச்சல், சளி, காதுவலி எல்லாவற்றையும் வீட்டில் தினமும் ஒரு நோட்டில் எழுதிவர வேண்டும். காய்ச்சல் விடவில்லை என்றால் அளவைக் கூட்டுவார். மருந்து அரிதானது, அதனால் நோட்டு சொல்லாமல் ஒரு சொட்டுகூடக் கூட்ட மாட்டார்.

முதல் பாட்டில் ஏறும்போது, "எந்த ஊரு ரத்தம் சிஸ்டர் இது?" என்று கேட்டீர்கள்.

"வெளிநாட்டுல முகந்தெரியாத பல பேரோடது, அண்ணே."

"அப்ப இனிமே மைக்குல இங்கிலீஷ்தான் பேசுவேன். ஆளு வேற மாதிரி ஆயிருவேன் பாருங்க." டாக்டரம்மாவே சிரித்துவிட்டார்.

வேகமாக விட்டால் நடுக்கம் வரும் என்பதால் அரை நாள் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து சொட்டை எண்ணிக்கொண்டிருப்பேன். இரண்டாம் வகுப்பு படிக்கிற உங்கள் மகளைப் பற்றித்தான் பேச்செல்லாம். எப்போதோ சிஸ்டர் போய்த் தங்கச்சி ஆகிவிட்டேன். "எம்மக சடங்குக்கு நானே குழாய் கட்டணும் தங்கச்சி. அம்புட்டு நாள் இருந்தாப் போதும் எனக்கு" என்பீர்கள். அதைக் கேட்டு, சும்மா இருங்கண்ணே என்று அதட்டுவேன். உள்ளுக்குள் எனக்கும் அதே பயம்தான்.

ஐந்து மாதம் உங்கள் நோட்டில் எல்லா நாளும் ஒரே வார்த்தை: சுகம். மருந்து நன்றாக வேலை செய்கிறது என்று டாக்டரம்மாவுக்கு அத்தனை சந்தோஷம். ஆறாவது மாதம் நீங்கள் மூச்சிரைத்துக்கொண்டு வந்தீர்கள். கூடவே உங்கள் வீட்டுக்காரம்மாவும் வந்திருந்தார். நோட்டைப் பார்த்த அவர் அங்கேயே வெடித்துவிட்டார்.

"அடப் பாவி மனுசா! மாசத்துல பாதி நாள் காய்ச்சல்ல கெடந்துட்டு, சுகம்னா எழுதி வச்சிருக்க?"

நீங்கள் தலையைக் குனிந்துகொண்டீர்கள். "எம்புட்டுக் கஷ்டப்பட்டு வரவழைச்ச மருந்து. கேக்கலைன்னு எழுதுனா அந்தம்மா மூஞ்சி வாடிராதா?"

எனக்கு வந்த கோபம்! உயிர் போகிற நோயை வைத்துக்கொண்டு டாக்டருக்கு உபசாரம் செய்திருக்கிறீர்கள், விருந்துக்குப் போன வீட்டில் குழம்பு கெட்டுப்போனாலும் பிரமாதம் என்று சொல்லிவிட்டு வருகிற மாதிரி. கன்னாபின்னாவென்று திட்டினேன். டாக்டரம்மா திட்டவில்லை. நோட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டிப் பார்த்தார். "மருந்து ஜெயிக்கணும்னு நீங்க வரல. நீங்க பொழைக்கணும்னுதான் மருந்தே வந்திருக்கு" என்று மட்டும் சொன்னார். அன்றைக்கே அளவைக் கூட்டினார். அந்த ஐந்து மாதத்தில் வலது நுரையீரலின் அடிப்பாகம் கெட்டுப்போயிருந்தது எக்ஸ்ரேயில் தெரிந்தது. அது திரும்பவில்லை.

பஸ் ஏறி வீட்டுக்குப் போகும்போதுதான் எனக்கு உறைத்தது. ஒவ்வொரு மாதமும் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு நான் எப்படிக் கேட்டேன்? "காய்ச்சல் கீய்ச்சல் ஒண்ணும் இல்லைல்ல அண்ணே?" சிரித்துக்கொண்டே, பதிலையும் நானே சொல்லிக்கொடுத்து. இதற்கு மரியாதை தெரிந்த மனுஷன் வேறென்ன சொல்வான்? உங்களைத் திட்டியதில் பாதியை நான் வாங்கியிருக்க வேண்டும். இதை உங்களிடம் சொல்லி மன்னிப்புக் கேட்க எத்தனையோ நாள் நினைத்தேன், வாய் வரவில்லை. இப்போது கேட்கிறேன்.

அதற்குப் பிறகு உங்களுக்கு நல்ல வருஷங்களும் இருந்தன. நோட்டில் கிறுக்கலாக உண்மை வந்தது: "காது வலி, பொண்டாட்டியிடம் எரிந்து விழுந்தேன்." மகள் சடங்குக்கு என்னையும் அழைத்தீர்கள். ஏணியில் இரண்டு படி ஏறியதுமே இரைத்தது. வேலையாள் ஏறிக் கட்ட, கீழே நின்று, "மாப்ள, இன்னுங் கொஞ்சம் மேக்க திருப்பு!" என்று அதிகாரம் செய்தீர்கள். தாய்மாமன் சீரை மைக்கில் நீங்களே வாசித்தீர்கள். நான் பந்தியில் உட்கார்ந்து அழுதுகொண்டே சாப்பிட்டேன்.

அடுத்த மழைக்காலத்தில் கடைசியாக வந்தீர்கள். "எப்படி இருக்குண்ணே?" என்று கேட்டேன். கேட்டுவிட்டு, நீங்கள் வாய் திறக்கும்வரை பேசாமல் இருந்தேன். வீட்டுக்காரம்மா மருந்து வாங்க வெளியே போகும்வரை நீங்கள் வாசலையே பார்த்தீர்கள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னீர்கள்.

"நல்லா இல்ல தங்கச்சி. ரொம்பப் பயமா இருக்கு. அவகிட்டச் சொல்லிராத."

சொல்லவில்லை, அண்ணே. இன்றுவரை சொல்லவில்லை.